இரண்டு முழத் தூரம்

பந்து குழிக்கு இரண்டு முழம் தள்ளிக் கிடந்தது. என் வீட்டுக்காரர் காலை அகட்டிக் குனிந்து, கம்பைப் பந்துக்குப் பின்னால் வைத்துவிட்டார். நான் குடையைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அப்போது எதிராளியாக ஆடிய தாமஸ் சார் நடந்து வந்து, அந்தப் பந்தை எடுத்து இவர் முன்னால் நீட்டினார்.

"இது விழுந்த மாதிரிதான் சுப்பு. எடுத்துக்கோ" என்றார்.

இவர் உடனே நிமிரவில்லை. பந்து இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு, கம்பைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்தே நின்றார். பிறகு வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அது மலை ஊர் ஒன்றில் இருக்கிற கோல்ஃப் மைதானம். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அங்கே இருந்த எல்லாரும் நல்லவர்கள், அதுதான் தொந்தரவே.

தபால் ஆபீஸ் கவுண்ட்டரில் நான் போட்ட சண்டைகளை இந்தப் பத்தியில் இத்தனை வாரமாகப் படித்துச் சிரித்துவிட்டு, "உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லையே" என்று சில பேர் கேட்டிருந்தீர்கள். கேட்டுவிட்டீர்கள் அல்லவா, இந்த வாரம் சிரிக்க முடியாது. படியுங்கள்.

மணிக்கட்டுக்குப் பேர்போன ஊர்

வெளியூர்க்காரர்களுக்குக் கோவில்பட்டி என்றால் தீப்பெட்டியும் கடலை மிட்டாயும். எங்களைக் கேட்டால் ஹாக்கி என்போம். நான் கல்யாணமாகி வந்த புதிதில், காலையில் பால் வாங்கப் போனால்கூட ஹாக்கி மட்டையோடு யாராவது எதிரில் வருவார்கள்.

அந்த மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை. பந்தை அந்தப் பக்கத்தால்தான் தொட வேண்டும். அதனால் ஆடுகிறவர் ஓடிக்கொண்டே மட்டையை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டே இருப்பார். புரட்டுவது முழுக்க மணிக்கட்டு வேலை. மணிக்கட்டு செத்தவன் எதற்கு ஹாக்கிக்கு வருகிறான், பேசாமல் கேரம் ஆடலாமே என்பார் காதர் அண்ணன்.

காதர் அண்ணன் இவரோடு ஒரே அணியில் கோல் காத்தவர். பஸ் ஸ்டாண்ட் பக்கம் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்தில் நாலு வார்த்தை வாழ்த்திப் பேசுங்கள் என்று அவரைக் கூப்பிட்டால், மாப்பிள்ளையின் இடது மணிக்கட்டைப் பற்றியே பேசி முடித்தார். பெண்ணின் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார். ராஜம் என்று மூன்றே எழுத்து. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஆனால் அந்த மணிக்கட்டுதான் இவருக்கு பெங்களூரில் கம்பெனி வேலை வாங்கிக் கொடுத்தது. எங்கள் பிழைப்பு அதில் ஓடியது. முழங்கால் போன பிறகு ஹாக்கியும் போயிற்று. இரண்டு வருஷம் வீட்டில் எதையோ பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அப்போது இவருக்கு மேலதிகாரியாக இருந்த தாமஸ் சார், ஓடாமல் ஆடுகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது வா என்று கோல்ஃபுக்குக் கூட்டிப் போனார். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

உருட்டுக் கம்பு

கோல்ஃப் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கும் இவர் சொல்லித்தான் தெரியும். பந்தைத் தூரத்திலிருந்து வீசி அடித்துக் குழிக்குப் பக்கத்தில் கொண்டு வந்து சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு, ஒட்ட வெட்டிய புல்லில் அதை மெதுவாக உருட்டிக் குழிக்குள் விட வேண்டும். உருட்டுவதற்கென்று தனிக் கம்பு. அதன் இங்கிலீஷ் பெயர் என் வாயில் நுழையாது, உருட்டுக் கம்பு என்றே சொல்லிவிடுகிறேன்.

தூரத்தில் அடிப்பதெல்லாம் இவருக்கு லேசாக வந்தது. உருட்டுவதுதான் வரவில்லை. ஏனென்றால் அதில் மணிக்கட்டு வேலையே செய்யக் கூடாது. தோளும் கையும் சேர்ந்து, பழைய சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலம் மாதிரி முன்னும் பின்னும் போய்வர வேண்டும். இடது புறங்கை குழியைப் பார்த்தபடியே போக வேண்டும். பந்தைத் தொடும்போது மணிக்கட்டு இம்மி மடங்கினாலும் கம்பின் முகம் திரும்பிவிடும், பந்து குழியின் ஓரத்தோடு போய்விடும்.

பிடியிலும் ஒரு பதம் இருக்கிறது. இறுக்கக் கூடாது, நழுவவும் விடக் கூடாது. வளையல்காரர் நம் கையைப் பிடிப்பாரே, அந்தப் பிடி. இதை நான்தான் இவருக்குச் சொன்னேன். இவர் அசந்துபோய் அதைத் தாமஸ் சாரிடம் சொல்லியிருக்கிறார். தாமஸ் சார் பாவம், வளையல் போட்டுக்கொண்டதில்லை.

ஓய்வு பெற்று ஊர் திரும்பினோம். கம்பும் கூடவே வந்தது. பெங்களூர் சகாக்கள் வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கல் கழிந்து, அந்த மலை ஊரில் கூடி இரண்டிரண்டு பேராக ஆடுவார்கள். நான் சொல்கிற நாளுக்கு முந்தைய வருஷம், கடைசிக் குழியில், இதே தாமஸ் சாருக்கு எதிரில், இதே இரண்டு முழத்தில் இவர் தோற்றார்.

தோற்றது பெரிதல்ல. இவர் குனிந்து நின்றவர் நின்றவர்தான். கம்பைப் பின்னால் எடுக்கவே இல்லை. நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, சுற்றி நிற்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். பிறகு திடீரென்று கை வெட்டி இழுத்தது. பந்து குழியைத் தாண்டி எங்கேயோ போயிற்று. யாரோ சிரித்தார்கள், இவரும் சேர்ந்து சிரித்தார்.

இறங்கும்போது பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "அடுத்த வருஷம் வருவேன் ராஜம். அதே ஆளுக, அதே ரெண்டு முழம். உருட்டி உள்ள விட்டுட்டு வந்துருவேன். அது போதும் எனக்கு."

எனக்கு அது சின்னப் பிள்ளை ஆசையாகத்தான் பட்டது. ஆனால் ஊர் வந்து சேருவதற்குள் இவர் அதைத் தவிர வேறு எதுவுமே பேசவில்லை.

சாணி மெழுகிய புல்வெளி

கோவில்பட்டியில் புல்லுக்கு எங்கே போவது? பசுவந்தனைக்குப் பக்கத்தில் இவருக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் இருக்கிறது. கரிசல். பங்குனி பிறந்துவிட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும், விட்ட பந்து வெடிப்புக்குள் போனால் எடுக்க முடியாது. ஆனால் நிலத்தின் மேட்டில் ஒரு பழைய களம் இருந்தது. உளுந்தும் சோளமும் அடிக்கிற களம். இப்போது எல்லாரும் தார் ரோட்டில் போட்டுக் காயவைப்பதால் அது சும்மா கிடந்தது.

இவர் அதில் செம்மண்ணும் சரளும் கொட்டி, தண்ணீர் தெளித்து, உருளை விட்டு இறுக்கினார். நிலத்தைப் பார்த்துக்கொள்கிற குடும்பம் சாணி கரைத்து மெழுகிக் கொடுத்தது. நடுவில் ஒரு பால் டப்பாவைப் புதைத்தார். தினமும் காலை டவுன் பஸ் ஏறிப் போய்விடுவார். நானும் சில நாள் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு போவேன். வேலை மெனக்கெட்டு ஒரு மனிதர் இதைச் செய்வாரா என்று தலையில் அடித்துக்கொண்டேன், ஆனால் போனேன். காய்ந்த சாணி வாசமும், பந்து டப்பாவில் விழும்போது வரும் டொக்கென்ற சத்தமும் எனக்கும் பழகிவிட்டன.

விழுந்ததைவிட விழாததுதான் அதிகம். சில நேரம் கை கிளம்ப மறுத்தது, சில நேரம் வெட்டியது. காதர் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"ஒண்ணுமில்ல மாப்ள. அது ஹாக்கிக் கை. முப்பது வருஷம் புரட்டுன மணிக்கட்டு, சும்மா இருன்னா இருக்குமா?"

எங்கள் ஊரில் வேறு யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். உண்மையைச் சொன்னால் இவருக்கு அதில் ஒரு பெருமை. மறந்து போகாத கை என்று காதர் அண்ணன் கடையில் வந்தவன் போனவனிடமெல்லாம் காட்டினார். கேட்டவர்களும் ஆமாமாம் என்று தலையாட்டினார்கள்.

கையை அடக்க காதர் அண்ணனே ஒரு வழியும் சொன்னார். இடது கையில் வாட்ச் கட்டி, வாருக்கும் புறங்கைக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியைச் செருகிக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு பின்னால் மடங்கினால் பெட்டி நசுங்கும், நசுங்கினால் தெரிந்துவிடும். தீப்பெட்டிக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? நசுங்கின பெட்டிகளாகக் கொண்டு வந்து அடுப்படியில் போடுவார். குச்சிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு வைப்பது என் வேலை.

சத்தம்

ஆனி மாதம் என்று நினைக்கிறேன். காற்று பேய் மாதிரி அடித்து, வீடு பூராவும் புழுதி. மத்தியானம் நான் அடுப்படியில் இருந்தேன். கூடத்தில் கரகரவென்று ஒரு சத்தம். நிற்கும், திரும்ப வரும். அணில்தான் ஏதோ டப்பாவைக் கொறிக்கிறது என்று விரட்ட வந்தேன்.

அணில் இல்லை. களத்திலிருந்து வந்த இவர் வாட்சைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வலது கையில் பேப்பர். இடது கை மடியில் சும்மா கிடந்தது. வாட்ச் வாருக்குள் தீப்பெட்டி, அதற்குள் குச்சிகள் ஆடுகிற சத்தம்தான் அது.

"கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்களேன்" என்றேன்.

"நான் ஒண்ணும் செய்யலையேட்டி" என்றார் இவர்.

பேப்பரை இறக்கினார். இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் எதையோ உருட்டுகிற மாதிரி அசைந்துகொண்டிருந்தன. இவர் பார்க்கப் பார்க்க அது நிற்கவில்லை. ஹாக்கியில் அப்படி ஒரு அசைவு கிடையாது. இவர் வாட்சைக் கழற்றி மேஜையில் வைத்தார், சத்தம் நின்றது, கை நிற்கவில்லை.

என் குடை

திருநெல்வேலியில் நரம்பு டாக்டரைப் பார்த்தோம். நடக்கச் சொன்னார், பித்தானைப் போட்டுக் காட்டச் சொன்னார், பெயரை எழுதச் சொன்னார். இவர் எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போனது. டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். மூளையில் ஒரு சத்து குறைவதால் வருவது, மாத்திரையால் தள்ளிப்போடலாம், குணமாக்க முடியாது என்றார். அரை வருஷமாக எல்லாருமாகச் சேர்ந்து அந்தக் கையைத் திட்டிக்கொண்டிருந்தோம் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

இவர் கேட்டது ஒரே கேள்வி. தை மாசம் ஆட முடியுமா?

டாக்டருக்கு கோல்ஃப் தெரியாது. எப்படி ஆடுவீர்கள் என்று கேட்டார். இவர் என் கையிலிருந்த குடையை வாங்கினார். அந்தச் சின்ன அறையில் மேஜைக்கும் கட்டிலுக்கும் நடுவில் குனிந்து, இல்லாத பந்தை உருட்டிக் காட்டினார். குடையைப் பிடித்த மறு நிமிஷம் கை அடங்கிவிட்டது. ஒரு நடுக்கம் இல்லை. தோள் மட்டும் போய் வந்தது.

"பார்த்தீங்களாம்மா? சும்மா இருந்தா நடுங்கும். வேலை கொடுத்தா அடங்கும்" என்றார் டாக்டர். பிறகு குரலைத் தணித்து, "கொஞ்ச காலத்துக்கு" என்றார்.

நான் அங்கேயே அழுதுவிட்டேன். இவர் குடையைத் திருப்பித் தரவில்லை. பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

செய்தி கேட்டு காதர் அண்ணன் வீட்டுக்கு வந்தார். இவருடைய இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது வாசலில் என்னிடம், "நான் வேற என்னத்தையோ சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே தங்கச்சி" என்றார். எங்களுக்கெல்லாம் ஹாக்கியைத் தவிர வேறு எது தெரியும், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு இவர் பிடியை மாற்றினார். இத்தனை வருஷமும் இடது கை மேலே, வலது கை கீழே. இப்போது இடது கையைக் கீழே கொண்டு வந்தார். அப்படிப் பிடித்தால் இடது மணிக்கட்டு தானாகவே நிமிர்ந்து நிற்கும், மடங்க வழி இல்லை. மாத்திரை போட்டு அது வேலை செய்கிற நேரமாகப் பார்த்துக் களத்துக்குப் போனார். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. கரிசலில் கால் வைத்தால் மண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் கூடத்தில் ஜமுக்காளத்தை விரித்து உருட்டினார்.

விழ ஆரம்பித்தது. அடுப்படியில் இருந்துகொண்டே சத்தத்தை வைத்து நான் சொல்லிவிடுவேன். கார்த்திகை முடிவதற்குள் இரண்டு முழத்தில் தவறுவது அபூர்வமாகிவிட்டது. அத்தனை சந்தோஷமாக அந்த மனிதரை நான் பார்த்து நாளாயிற்று. கண் பட்டுவிடும் என்று வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

நல்லவர்கள்

இப்படித்தான் அந்த மலைக்குப் போனோம். காலையில் பலகாரம் சாப்பிடும் இடத்தில் டீயைக் கோப்பையும் தட்டுமாகக் கொடுத்தார்கள். இவர் இடது கையில் தட்டை ஏந்திக்கொண்டு பேச்சில் இருந்தார். கோப்பை தட்டில் கிடுகிடுவென்று ஆட ஆரம்பித்தது. மேஜையில் இருந்தவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள்.

தாமஸ் சார் எழுந்து வந்து, கோப்பையை இவர் வலது கையில் கொடுத்துவிட்டு, தட்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார். பிறகு மற்றவர்கள் பக்கம் போனார். அங்கே தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன. என்ன பேசியிருப்பார்கள் என்பது முதல் குழியிலேயே தெரிந்துவிட்டது.

ஒருவருக்கு எதிராக ஒருவர் ஆடும்போது, பந்து குழிக்கு மிகப் பக்கத்தில் இருந்தால், அது விழுந்ததாகவே வைத்துக்கொள் என்று எதிராளி சொல்லிவிடலாம். மரியாதைக்குச் செய்வது. அப்படிச் சொல்லிவிட்டால் கணக்கு முடிந்தது, அதற்கு மேல் உருட்டினால் அது ஆட்டமில்லை. ஒரு சாண், இரண்டு சாணுக்குத்தான் கொடுப்பார்கள். இரண்டு முழத்தை யாரும் கொடுக்க மாட்டார்கள், முந்தின வருஷம் இதே தாமஸ் சார் கொடுக்கவில்லை.

இந்தத் தடவை எல்லாவற்றையும் கொடுத்தார். இரண்டு முழம், மூன்று முழம், ஒரு தடவை ஓர் ஆள் நீளம். இவர் தூரத்திலிருந்து உருட்டிப் பக்கத்தில் கொண்டு வருவார், தாமஸ் சார் சிரித்த முகமாக வந்து பந்தை எடுத்து நீட்டிவிடுவார். மூன்றாவது குழியில் இவர், "இல்ல சார், நான் உருட்டுதேன்" என்றார். "எதுக்கு சுப்பு, நமக்குள்ள என்ன?" என்று தோளில் தட்டினார் தாமஸ் சார். அன்பாகப் பேசுகிறவரிடம் என்னவென்று மல்லுக்கட்டுவது? இவர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. இவர் முன்னால் நடக்கும்போது தாமஸ் சாரை நிறுத்திச் சொன்னேன். "சார், கம்பு கையில இருந்தா இவியளுக்கு நடுங்காது சார். சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும். உருட்ட விடுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குப் புரியுதும்மா. நீங்க கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கறேன்" என்றார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் ஏறவில்லை. புருஷனுக்காகப் பரிந்து பேசுகிற பெண்சாதியைத்தான் அவர் பார்த்தார்.

அன்றைக்குப் பூராவும் இவர் பந்து ஒரு குழியில்கூட விழவில்லை. ஆனால் இவர்தான் ஜெயித்தார். கடைசிக் குழியில் தாமஸ் சார் பந்தை எடுத்துக் கொடுத்ததும் எல்லாரும் கை தட்டினார்கள், இரண்டு பேர் கட்டிப்பிடித்தார்கள். உள்ளே கோப்பையும் சால்வையும் காத்திருக்கின்றன, சீக்கிரம் வா என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

இதை எழுதும்போது இவர் பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார். சட்டை மாட்டிவிடுவதும் சோறு பிசைந்து கொடுப்பதும் இப்போது என் கையில். கம்பைக் கொடுத்தாலும் கை அடங்குவதில்லை. டாக்டர் சொன்ன கொஞ்ச காலம் அந்தத் தை மாதத்தையும் சேர்த்துக் கொஞ்சம்தான் இருந்தது. அதில் ஒரு நாள் முழுசையும் அந்த நல்லவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு இவர் புல்லில் தனியாக நின்றார். "ஒரு பந்தைக்கூட உள்ள விட விடலையேட்டி" என்றார். பையிலிருந்து பந்தை எடுத்து, தாமஸ் சார் அதை எடுத்த அதே இடத்தில் வைத்தார். இது கணக்கில் வராது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

மாத்திரை நேரம் தாண்டிவிட்டிருந்தது. இவர் கம்பைப் பிடித்ததும் கை நின்றது. இடது மணிக்கட்டு நிமிர்ந்தபடி இருந்தது. தோள் போய் வந்தது. பந்து நூல் பிடித்த மாதிரி நேராகப் போனது, குழிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. கை அடங்கியிருந்தது, கையின் வீச்சும் குறைந்திருந்தது. இனி அது குறைந்துகொண்டேதான் போகும் என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. இவருக்கும் தெரிந்திருக்கும்.

"மணிக்கட்டு அசைஞ்சுதா?" என்று கேட்டார்.

"அசையலை" என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

ஒரு சாண்தான் பாக்கி. உலகத்தில் யாரும் யாருக்கும் கொடுத்துவிடுகிற தூரம். உள்ளேயிருந்து இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இவர் பந்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் குடையைக் கீழே வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, குழியை விட்டுத் தள்ளி நின்றேன்.

"அடிங்க" என்றேன்.